உஷ்... கேட்டுச்சா?

"உஷ்!" என்பார். கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். "கேட்டுச்சா?" என்பார். கேட்டது அவருடைய உஷ் ஒன்றுதான்.

இங்கிலாந்தில் பழைய நாடக அரங்குகளுக்குள் நள்ளிரவில் பேய் தேடக் கூட்டிப் போகிறார்கள். ஆளுக்கு ஐம்பது, அறுபது பவுண்டு. அந்தக் கூட்டத்தில் இவர் இல்லாமல் இருக்கமாட்டார். பெரும்பாலும் வெள்ளைக்காரராக இருப்பார். என் தலையெழுத்து, எனக்கு வாய்த்தவர் நெல்லைக்காரர். ஊரில் பொழுது சாய்ந்தால் சுடலைமாடன் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காத மனுஷர், இங்கே காசு கட்டி வரிசையில் முதல் ஆளாக நிற்கிறார். கேட்டால், "நம்மூர்ப் பேய் பிடிச்சுக்கிடும் தம்பி. இது சும்மா வந்து நின்னுட்டுப் போற பேய்லா" என்கிறார்.

தலையில் விளக்கு, கழுத்தில் கே2 மீட்டர், கருப்பு உடுப்பு எல்லாம் உண்டு. அதை விடுங்கள். உஷ்ஷுக்கு வருகிறேன்.

நூறு வருஷத்து மரத்தளம் ராத்திரி குளிரில் சுருங்கி முனகும். உஷ்! ரேடியேட்டர் குழாய் ஆறும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும். உஷ்! ஒரு முறை கூட வந்த ஓர் ஆங்கிலேய மூதாட்டிக்கு வயிறு கடமுடவென்றது. உஷ்! அந்த அம்மாள் கூச்சத்தோடு, "மன்னிக்கணும், அது என் வயிறு" என்றார். இவர் விடவில்லை. "இருக்கலாம். ஆனா அது உங்க வயிறு வழியாப் பேசப் பார்க்குது!" அதற்குப் பிறகு அந்த அம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

பேயிடம் நேரடி விசாரணையும் நடக்கும். "ஆமான்னா ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு." குழாய் மூன்று தட்டியது. இவர் கொஞ்சமும் அசராமல், "யோசிச்சுச் சொல்றேங்குது" என்றார்.

கே2 மீட்டர் மின்காந்தப் புலத்தைக் காட்டும் கருவி. பக்கத்தில் செல்போன் உயிர்பெற்றாலே விளக்குகள் எரியும். அன்றைக்கு அது சிவப்பு வரைக்கும் ஏறியது. எல்லோரும் உறைந்து நிற்க, இவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வீட்டம்மா, சாப்பிட்டாச்சா என்று கேட்க. விக் டாண்டி என்ற பொறியாளர் 1998-இல் எழுதியதை இவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில் சாம்பல் நிற உருவம் ஒன்று ஓரக்கண்ணில் பட்டதாம்; காரணத்தைத் தேடினால், காற்றை வெளியேற்றும் விசிறி எழுப்பிய, காதுக்கு எட்டாத 19 ஹெர்ட்ஸ் அதிர்வு. விசிறியை நிறுத்தியதும் அதிர்வும் போய்விட்டது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அந்த விசிறியச் சுத்த வச்சது யாரு?" என்றார்.

நல்ல மனிதர்தான். மேல்தட்டுக்குப் போகும் இருட்டுப் படியில் எல்லோருக்கும் கை கொடுப்பார். ஃபிளாஸ்க்கில் சுக்குக் காப்பி கொண்டுவந்து கூட்டத்துக்கே ஊற்றுவார். ஆனால் ஒன்றை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அரங்கத்தின் சார்பில் எங்களோடு ஒரு கிழவர் வந்தார். மேடைக்குப் பின்னால் கயிறு இழுத்தே வாழ்நாளைக் கழித்தவர். ஆளில்லாத மேடையில் ஒற்றை பல்பு எரிவது பேய்க்காக அல்ல, இருட்டில் யாரும் வாத்தியக் குழிக்குள் விழாமல் இருக்க என்றார். அரங்குக்குள் சீட்டி அடிக்கக் கூடாது என்பது ஏன் தெரியுமா என்று ஆரம்பித்தார்: அந்தக் காலத்தில் கயிறு இழுக்கக் கப்பல்காரர்கள் வருவார்களாம், அவர்களுக்குச் சீட்டிதான் சைகை, தெரியாமல் யாராவது அடித்தால் திரைச்சீலை கட்டையோடு... உஷ்! கிழவர் நிறுத்திவிட்டார். பிறகு லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் 1735-இல் சார்லஸ் மாக்லின் என்ற நடிகர் ஒரு பொய்முடிக்காகச் சக நடிகரைக் கைத்தடியால் கண்ணில் குத்திக் கொன்ற கதையை எடுத்தார். கைத்தடி ஓங்கும் இடத்தில், உஷ்! அதற்குமேல் அவர் வாயே திறக்கவில்லை. மிச்ச ராத்திரி முழுக்கக் குழாய்ச் சத்தம் கேட்டோம். இல்லாத ஆளின் பேச்சைக் கேட்பதற்காக, இருக்கிற ஆளின் வாயை அடைப்பது என்ன நியாயம்? நானும் அறுபது பவுண்டு கொடுத்தவன்தானே!

திரும்பும் வழியில் காருக்குள்ளும் இவர் ஓயவில்லை. ட்ரூரி லேனின் 'சாம்பல் மனிதர்' இருக்கிறாரே, முக்கோணத் தொப்பி, பவுடர் பூசிய பொய்முடி, இடுப்பில் வாள் சகிதம் மேல்தட்டு இருக்கை வரிசையில் நடந்து சுவருக்குள் மறைகிறவர், அவர் ஒத்திகையில் தென்பட்டால் நாடகம் ஓகோவென்று ஓடுமாம். அவரை ஒரு ராத்திரி நேரில் பார்த்தே தீர்வதாகச் சபதம். "நீங்களும் வரணும்" என்றார்.

உங்களையும் கூப்பிடுவார். போகாதீர்கள். ட்ரூரி லேனில் ஒரு மதியக் காட்சிக்கு மேல்தட்டில் டிக்கெட் எடுங்கள், நாடகமாவது மிஞ்சும். சாம்பல் மனிதரைக் கண்டதாக வழிவழியாக வரும் கதைகளில் அவர் நடமாடுவது பகலில்தான். இதை மட்டும் நம்மவரிடம் சொல்லிவிடாதீர்கள். மதியக் காட்சிக்கும் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துவிடுவார்.