நாளொன்றுக்கு 2 ஜிபி சமூக நீதி

2020 ஆகஸ்ட் 26 அன்று தமிழ்நாட்டில் ஒரு கடவுள் அவதரித்தார். அரியர் வைத்திருந்த கல்லூரி மாணவர்கள் தேர்வுக் கட்டணம் கட்டியிருந்தால் போதும், இறுதிப் பருவம் நீங்கலாக மற்றதெல்லாம் தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். பத்துப் பேப்பர் பாக்கி வைத்திருந்தவன் ஒரே ராத்திரியில் சுத்தமானான். சுவரொட்டி ஒட்டினார்கள். பேனர் கட்டினார்கள். தெய்வமே என்றார்கள். கட்டண ரசீதே விடைத்தாளாக மாறிய அற்புதத்துக்குக் கோயில் கட்டாததுதான் பாக்கி.

வரத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பணம் கட்டியிருக்க வேண்டும். ஊரடங்கில் அப்பாவின் வேலை போய், பரீட்சைப் பணத்துக்கு வழியில்லாமல் நின்றவனை அந்தக் கடவுள் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டியவன் பாஸ். கட்டாதவன் ஃபெயில். நம் உயர்கல்வியின் சட்டதிட்டம் முழுவதையும் இவ்வளவு சுருக்கமாக இதுவரை எந்த அரசும் ஒப்புக்கொண்டதில்லை.

ஏஐசிடிஇ மறுத்தது. யுஜிசி மறுத்தது. தேர்வு வைக்காமல் தேர்ச்சி கிடையாது என்று 2021 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பேனரைக் கழற்றி ஆட்டோவுக்குப் படுதா போட்டுக்கொண்டார்கள். பையன்களுக்கு மட்டும் ஒரு பட்டம் நிலைத்தது: கொரோனா பேட்ச். அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெரிய தனியார் வங்கி தமிழ்நாட்டில் ஆளெடுக்க விளம்பரம் கொடுத்தது. 2021இல் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தகுதியில்லை என்று அதில் இருந்தது. கூச்சல் எழுந்ததும் அச்சுப்பிழை என்றார்கள். ஒரு தலைமுறையையே அச்சுப்பிழை என்று தள்ளிவிட முடியும் என்பது அன்றைக்குத்தான் நமக்குப் புரிந்தது.

தொற்றுக்குப் பிறகு உயர்கல்வியில் சமத்துவத்தை மீட்டெடுப்பது எப்படி என்று குளிரூட்டிய அரங்குகளில் கருத்தரங்கு நடத்துகிறார்கள். முந்திரி பக்கோடா நன்றாக இருக்கும். அங்கே போகிறவர்கள் திரும்பும் வழியில் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கலாம். 1730களில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் நெசவாளர்களைக் கூட்டிவந்து குடியமர்த்திய பேட்டை. ஏழைகளைத் தனக்குத் தோதான இடத்துக்கு நகர்த்திவைப்பது இந்தக் கூவம் ஆற்றங்கரையில் முந்நூறு வருஷத்துத் தொழில்.

2019 டிசம்பர் கடைசியில் அந்தத் தொழில் மறுபடி நடந்தது. தீவுத்திடல் பக்கம், கூவத்தின் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகரை இடித்தார்கள். தமிழ்நாட்டு அமைச்சரவையில் இருந்த ஒரு தலித் தலைவரின் பெயர் அந்தக் குடியிருப்புக்கு. பெயரை வைத்ததோடு மரியாதை முடிந்துவிட்டது. ஆற்றை மீட்கிறோம் என்று சொல்லி, கல்வியாண்டின் நட்ட நடுவில், குடும்பங்களை மூட்டை முடிச்சோடு பெரும்பாக்கத்துக்கு ஏற்றினார்கள். மாநிலக் கல்லூரி அந்த வீடுகளிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. இப்போது இருபது கிலோமீட்டருக்கும் மேல். மூன்றே மாதத்தில் ஊரடங்கு. அந்தப் பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்தது கிருமியா, புல்டோசரா என்று பிரித்துச் சொல்ல எந்தக் கமிட்டியும் போடவில்லை. ஆறு மீண்டதா என்று கேட்பவர்கள் சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்க்கலாம்.

பக்கத்திலேயே ரிச்சி தெரு. பழைய மடிக்கணினியும் செகண்ட் ஹேண்ட் போனும் பேரம் பேசி வாங்குகிற தெரு. 2020இல் தமிழ்நாட்டு உயர்கல்வித் துறையின் உண்மையான கிளை அலுவலகம் அங்கேதான் நடந்தது. தாலி அடகுக் கடைக்குப் போக, கீறல் விழுந்த போன் ஒன்று வீட்டுக்கு வந்தது. ஒரு போன், மூன்று பிள்ளைகள். அண்ணன் கல்லூரி, தங்கச்சி பிளஸ் டூ, கடைக்குட்டி ஏழாம் வகுப்பு. மூவருக்கும் காலை பத்து மணிக்கே வகுப்பு.

அரசுக்கு இது தெரியாதா? தெரியும். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 2017-18லேயே சொல்லிவிட்டது. இந்தியக் கிராமங்களில் நூறு வீட்டுக்கு நாலு வீட்டில்தான் கணினி. நகரத்தில் 23. இணைய வசதி கிராமத்தில் 15 வீட்டில், நகரத்தில் 42 வீட்டில். இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் நாடு முழுக்கப் பாடத்தை இணையத்தில் ஏற்றினார்கள். பொறுங்கள், திட்டம் வருகிறது என்றார்கள். வந்தது.

2021 ஜனவரியில் வந்தது. வகுப்புகள் போனுக்குள் போய் அரை ஆண்டு ஆன பிறகு. 9,69,047 மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இலவச டேட்டா, ஜனவரி முதல் ஏப்ரல் வரை. தேதிகளை மட்டும் பாருங்கள். பிப்ரவரி 8 அன்று கல்லூரிகளை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஏப்ரல் 6 அன்று சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு. ஏப்ரலோடு டேட்டா முடிந்தது. இரண்டாம் அலை வந்து, ஆக்சிஜனுக்கு ஊரே அலைந்து, வகுப்புகள் மறுபடி போனுக்குள் போனபோது டேட்டா கார்டு காலாவதி. தாகத்தில் கிடந்தபோது தண்ணீர் இல்லை. மழை பெய்தபோது குடம் குடமாகக் கொடுத்தார்கள். வெள்ளம் வடிந்து நாக்கு வறண்டபோது குடத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

மடிக்கணினியின் கதை இன்னும் அழகு. 2011இல் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், மடிக்கணினி இல்லாமல் படிக்கவே முடியாது என்ற அந்த ஆண்டுகளில்தான் படுத்துவிட்டது. ஆட்சி மாறியும் எழவில்லை. 2025 மார்ச் பட்ஜெட்டில் கண் விழித்தது. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு, இரண்டு ஆண்டுகளில், முதல் கட்டமாக 2,000 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு தேர்தல். 2020இல் அது இல்லாமல் அழுத பையன் இதற்குள் டிகிரி முடித்து, முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு அண்ணா சாலை சிக்னலில் நிற்கிறான். அவனுக்கும் ஒன்று கொடுங்கள். பெட்டிக்குள் இடம் இருக்கும்.

அண்ணா பல்கலைக்கழகம் அந்தக் காலத்தில் செயற்கை நுண்ணறிவைக் காவலுக்கு வைத்து இணையவழித் தேர்வு நடத்தியதையும் சொல்லியாக வேண்டும். கேமரா முன்னால் தலை அசைந்தால் எச்சரிக்கை. தனி அறையும் தடையில்லாத இணையமும் உள்ளவனுக்கு அது தேர்வு. ஒற்றை அறையில் அம்மா மீன் கழுவ, தங்கச்சி குறுக்கே நடக்க எழுதியவனுக்கு அது குற்றப்பத்திரிகை. ஏராளமான முடிவுகளை நிறுத்திவைத்தார்கள். எழுந்த கொந்தளிப்பில், 2021 மே மாதம் புதிய அரசு மறுதேர்வு அறிவிக்க வேண்டியதாயிற்று. ஒண்டுக் குடித்தனம் என்றால் என்ன என்று அந்த இயந்திரத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்களுக்கே தெரிந்திருந்ததா என்பது வேறு விஷயம்.

டெல்லி மட்டும் சளைத்ததா? ஊரே வீட்டுக்குள் இருந்தபோது நீட் தேர்வைத் தள்ளிவைக்கச் சொன்ன மனுவை 2020 ஆகஸ்ட் 17 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றமே காணொலியில் நடந்த காலம் அது. பிள்ளைகள் செப்டம்பர் 13 அன்று நேரில் போய் உட்கார்ந்து எழுதினார்கள். இந்த முரணைச் சுட்டிக்காட்டிய நடிகர் சூர்யாமீது அவமதிப்பு நடவடிக்கை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் கடிதம் எழுதினார். நல்லவேளை, தலைமை நீதிபதி அமர்வு வேண்டாம் என்று விட்டுவிட்டது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் அதே செப்டம்பரில் பேரவையில் நிறைவேறியது. ஆளுநர் மாளிகையில் அது ஆற அமர ஊறியது. அக்டோபர் 29 அன்று அரசு தானே அரசாணை போட்டது. மறுநாளே ஆளுநர் பேனாவில் மை சுரந்தது. சரி, இடம் கிடைத்தது. தனியார் கல்லூரிக் கட்டணம்? கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கலந்தாய்வு வரை வந்து, தொகையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்கள். அவர்கள் போன பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. நம் ஊரில் நீதி எப்போதும் வரும். கடைசி பஸ் போன பிறகு வரும்.

ஏழை யார் என்பதிலும் நமக்கு இரண்டு தராசு. முன்னேறிய வகுப்பில் ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குக் கீழே இருந்தால் ஏழை, 10 சதவீத இடஒதுக்கீடு உண்டு. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சரி என்றுவிட்டது. பட்டியல் சாதி மாணவர் மத்திய அரசின் கல்வி உதவித்தொகை வாங்க வருமான வரம்பு இரண்டரை லட்சம். ஒருவருக்கு மாதம் அறுபதாயிரத்துக்கு மேல் வந்தாலும் வறுமை. மற்றவருக்கு இருபத்திரண்டாயிரம் வந்தால் வசதி.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்தும் பையன்களுக்கு 2024 ஆகஸ்டிலிருந்தும் மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கிறார்களே, அது நல்ல திட்டம். கிண்டல் இல்லை. நின்றுபோக இருந்த படிப்பை அது பிடித்து நிறுத்தியிருக்கிறது. ஆனால் அந்த ஆயிரத்தில் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிற பெண்ணுக்கு அங்கே பாடம் சொல்ல யார் இருக்கிறார்கள்?

கௌரவ விரிவுரையாளர் இருக்கிறார். கௌரவம் பெயரில். சம்பளம் 25,000, அதுவும் பதினொரு மாதம். மே மாதம் மட்டும் அவருக்குப் பசிக்காது என்பது நிதித்துறையின் கண்டுபிடிப்பு. இப்படிப்பட்டவர்களுக்கு மாதம் 50,000 வரை தரலாம் என்று யுஜிசி 2019லேயே எழுதியது. முனைவர் பட்டத்தோடு, தலைமுடி நரைக்கும்வரை தற்காலிகமாக இருக்கிற ஆயிரக்கணக்கானவர்களின் முதுகில்தான் நம் அரசு கலைக் கல்லூரிகள் நிற்கின்றன. 2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர்களை எடுக்கப்போவதாக ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவித்தது. ஆகஸ்டில் தேர்வு என்றது. தள்ளிப்போட்டது. 2025 அக்டோபரில் மறுபடி அறிவிப்பு வந்தபோது 4,000 என்பது 2,708 ஆகியிருந்தது. காத்திருந்ததில் ஆட்களுக்கு வயது கூடியது, இடங்கள் குறைந்தன.

இதற்கிடையே 2025 மே மாதம் பதினொரு புதிய அரசு கலைக் கல்லூரிகளைக் காணொலியில் திறந்துவைத்தார்கள். தற்காலிகக் கட்டடம், தற்காலிக ஆசிரியர், நிரந்தரப் பெயர்ப்பலகை.

தனியார் பொறியியல் கல்லூரிகள் இந்தச் சிக்கலுக்கு மேலும் மலிவான தீர்வு கண்டன. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில், ஒரே ஆள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியராகக் கணக்குக் காட்டப்பட்டிருப்பதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அம்பலமாக்கியது. அப்படி 353 பேர். தொற்றுக் காலத்தில் நம்மையெல்லாம் ஆறடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். இவர்கள் தங்களுக்குத் தாங்களே பல மைல் தள்ளி நின்று பாடம் நடத்தியிருக்கிறார்கள். அந்தக் கல்லூரிகளில் கட்டணம் கட்டிப் படித்தவர்களில் வீட்டின் முதல் பட்டதாரிகள் எத்தனை பேர் இருப்பார்கள்? நிலத்தை விற்ற அப்பாவுக்கு, வகுப்பறையில் நின்றது ஆளா, ஆவியா என்று எப்படித் தெரியும்?

சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒரு ஷேர் ஆட்டோ தூரத்தில், கடற்கரையில் சென்னைப் பல்கலைக்கழகம். 1857இல் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்தது. தேடல் குழுவில் யுஜிசி ஆள் இருக்க வேண்டும் என்றார் ஆளுநர். வேண்டாம் என்றது அரசு. மாநில உரிமையில் நாமும் அரசின் பக்கம்தான், சந்தேகமில்லை. அந்தச் சண்டையில் நாற்காலி காலியாகவே கிடந்தது. 2024 தொடக்கத்தில் வருமான வரித்துறை பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்கை முடக்கியது. சம்பளத்துக்கே திண்டாட்டம். உரிமை யாருக்கு என்று இரு தரப்பும் அடித்துக்கொண்டன. பில் மாணவனுக்கு வந்தது.

உயர்கல்விச் சேர்க்கை தமிழ்நாட்டில் 47 சதவீதம், இந்தியாவில் 28.4 என்று 2021-22ஆம் ஆண்டின் மத்தியக் கணக்கெடுப்பு சொல்கிறது. மேடைதோறும் இதைக் கேட்கிறோம். பெருமைதான், அரை நூற்றாண்டு உழைப்பின் பலன்தான். ஆனால் அது வாசலில் எண்ணிய கணக்கு. உள்ளே யார் இருந்தார், என்ன நடந்தது என்று யாரும் எண்ணவில்லை.

நாம் எண்ணலாம். அரசுக் கல்லூரியில் பிள்ளை படிக்கிற ஒவ்வொரு வீடும் ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டே கேள்வி எழுதுங்கள். என் பிள்ளையின் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர்? கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர்? முப்பது நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பதிலை ஓட்டுக் கேட்டு வருகிறவர் கையில் கொடுங்கள். மடிக்கணினியை வாங்கிக்கொண்டே கொடுங்கள், தப்பில்லை. நம் வரிப்பணம்தான்.