பெட்டிக்கு வெளியே ஓர் அடைகோழி

ஒரு தெர்மாகோல் பெட்டி, ஒரு பல்ப், ஒரு குட்டி விசிறி, சூட்டைப் பார்த்து பல்பை ஏற்றி அணைக்கும் கருவி ஒன்று. வீட்டு இன்குபேட்டர் என்பது இவ்வளவுதான். கோழியின் வேலையை இது பார்த்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் விற்கிறார்கள். என் கட்சி வேறு. இந்தப் பெட்டி கோழியின் வேலையைப் பார்ப்பதில்லை. வாங்கியவரை அந்த வேலையில் உட்கார வைக்கிறது. 21 நாள் முட்டைகள் உள்ளே கிடக்கின்றன. அடைகோழி லுங்கி கட்டிக்கொண்டு, கையில் டார்ச்சோடு, வெளியே நடமாடுகிறது.

முதல் சாட்சி வெப்பம். விசிறி வைத்த பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். அடைக்கு வந்த கோழிக்கு இந்த எண் தெரியாது. இறகு உதிர்ந்த வெறும் மார்பை முட்டைகள்மேல் படியவைத்து அமர்ந்துவிடும்; தோல்தான் அதற்குத் தெர்மாமீட்டர். மனிதர் ஒரு தெர்மாமீட்டர் வாங்குகிறார். சந்தேகம் வந்து இன்னொன்று வாங்குகிறார். இரண்டும் அரை டிகிரி முரண்படவே, பஞ்சாயத்துக்கு மூன்றாவது வருகிறது. அடுத்தது திருப்புதல். ஒரே வாக்கில் கிடந்தால் கரு, ஓட்டின் உள்சவ்வில் ஒட்டிக்கொள்ளும். கோழி இதைக் கணக்கு வைக்காமல் அலகால் புரட்டிவிடும். மனிதரோ முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் சுழி போட்டு, நாளுக்கு 3 அல்லது 5 முறை திருப்புகிறார். ஒற்றைப்படை என்பது சாஸ்திரம் அல்ல. இரவின் நீண்ட கிடை அடுத்தடுத்த நாட்களில் ஒரே பக்கமாக விழக் கூடாது, அதற்காக. ஈரப்பதம் இன்னொரு தலைவலி. ஓட்டின் நுண்துளைகள் வழியாக முட்டை தன் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை இழந்தால்தான், மழுங்கிய முனையில் குஞ்சு மூச்சுவிடத் தேவையான காற்றறை பெரிதாகும். ஈரம் மிஞ்சினால் அறை சிறுத்துவிடும். குறைந்தால் சவ்வு காய்ந்து குஞ்சைச் சுற்றி இறுகிவிடும். ஆக, தண்ணீர்க் கிண்ணத்தைக் காவல் காப்பதும் அவர் பொறுப்பு.

இது இன்றைய பித்து அல்ல. எகிப்தில் மண்செங்கல் அடைக்கூடங்களில் பல நூற்றாண்டுகளாக ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்திருக்கிறார்கள். தெர்மாமீட்டர் கிடையாது; முட்டையைக் கண்ணிமையில் ஒற்றிச் சூடு பார்த்தார்கள். வேலையாட்கள் அங்கேயே தங்கி, அங்கேயே உறங்கினார்கள். சுருக்கமாகச் சொன்னால், அடை கிடந்தார்கள். பிரான்சில் ரியோமூர், தம் பெயரிலேயே வெப்ப அளவுமுறை கொண்டிருந்த அறிஞர், சாணக் குவியலின் சூட்டில் முட்டை பொரிக்கப் பார்த்து, 1749-இல் அதைப் பற்றிப் புத்தகமே வெளியிட்டார். எந்தக் கோழியும் புத்தகம் எழுதும் அளவுக்கு இதில் மெனக்கெட்டதில்லை.

இப்போதெல்லாம் முட்டையைத் திருப்ப மோட்டார் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அது திருப்புகிறதா என்று பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது. கரண்ட் போனால் இன்வெர்ட்டர் உண்டே என்பார்கள். கிராமத்தில் அடை வைக்கும் கூடையில் இடிக்குப் பயந்து ஒரு இரும்புத் துண்டும் கரித்துண்டும் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். இன்வெர்ட்டர் அந்த நிம்மதியைத் தருவதாகத் தெரியவில்லை. கோழி தினமும் ஒருமுறை எழுந்து இரை பொறுக்கப் போகிறது. கால் மணி நேரம் முட்டைகள் திறந்து கிடக்கின்றன; ஒன்றும் ஆவதில்லை. அதே கால் மணி நேரம் பெட்டியில் விளக்கு அணைந்தால் போர்வை வருகிறது, வெந்நீர்ப் பாட்டில் வருகிறது. கருவுக்குச் சற்றுக் குளிர்வதைவிடச் சூடேறுவதுதான் பெரிய எமன் என்பதால், அந்த வெந்நீர்ப் பாட்டிலைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

ஒரு மறுப்பில் மட்டும் நியாயம் இருக்கிறது. லெகார்ன் போன்ற முட்டை இனங்களில் அடைகாக்கும் குணத்தையே மனிதன் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துக் கழித்துவிட்டான். நாட்டுக்கோழிக்கு அந்தக் குணம் உண்டு. ஆனால் ஒரு அடைக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைதான் அடங்கும், அடையில் இருக்கும்வரை முட்டையும் இடாது. குஞ்சு விற்றுப் பிழைப்பவருக்குப் பெட்டி அவசியம். அவரோடு எனக்கு வழக்கில்லை. என் வழக்கு பால்கனியில் 12 முட்டைக்கு 50 முட்டைப் பெட்டி வைத்திருப்பவரோடுதான். (கடையில் வாங்கிய பண்ணை முட்டையை வைத்தவரோடு வழக்கே வேண்டாம். அங்கே சேவலே கிடையாது. 21-ஆம் நாள் கிடைப்பது கூமுட்டை மட்டும்தான், அதுவும் வாசனையோடு.)

உச்சக்கட்டம் 18-ஆம் நாளுக்குப் பிறகு. திருப்புவதை நிறுத்தி, ஈரத்தைக் கூட்டி, மூடியைத் தொடாமல் இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் கடினம் இதுதான். முட்டைக்குள்ளிருந்து கீச்சுக் குரல் கேட்கும். ஓட்டில் ஒரு பொத்தல் விழும். அதிலிருந்து குஞ்சு வெளியே வர அரை நாளும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அதற்குள் மஞ்சள் கரு அதன் வயிற்றுக்குள் இழுபட வேண்டும், ரத்த நாளங்கள் வற்ற வேண்டும். நகத்தால் ஓட்டைப் பெயர்த்து உதவுகிறவர், அநேகமாக ரத்தக் கசிவுக்குத்தான் உதவுகிறார். கோழியோ கொக்கரித்துப் பேச்சுக் கொடுத்தபடி, எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும். எதுவும் செய்யாதிருக்கும் அந்தத் திறமைக்கு இன்னும் மோட்டார் வரவில்லை.

அந்தப் பதைப்பில்தானே சந்தோஷம் என்று கடைசியாகக் கேட்பார்கள். தாராளமாக ஒப்புக்கொள்கிறேன், அப்படியே சொல்லி விற்கலாம், குஞ்சு பொரிக்கும் கருவி என்று சொல்லாமல். ஏனென்றால் கோழிக்கு அடை ஒரு கட்டத்தில் கலைந்துவிடுகிறது. கலையாவிட்டால் தண்ணீரில் முக்கி அடை தெளிய வைப்பார்கள். மனிதருக்கு அந்த வைத்தியம் பலிப்பதில்லை. குஞ்சுகள் பல்புக்கடியில் ஈரம் உலர்வதற்குள், அடுத்த ஈட்டு முட்டைகள் கூர்முனை கீழாக அடுக்கப்பட்டுவிடுகின்றன. அவற்றையும் ஒரு வாரத்துக்குள் வைத்தாக வேண்டுமாம்.