திண்டுக்கல் சமவெளியில் ஒற்றைத்தள வீச்சு: ஒரு பன்முக ஆய்வு

கோல்ஃப் மட்டையை எப்படி வீசுவது என்று உலகில் இதுவரை எழுதப்பட்ட தாள்களை அடுக்கினால் எங்கள் மலைக்கோட்டையே மறைந்துவிடும். ஆயினும், திண்டுக்கல் சமவெளியில் வாழும் ஒருவர் வழக்கத்துக்கு மாறான வீச்சு ஒன்றைத் தானாகவே பயில்வது குறித்து ஆய்வேதும் வெளிவரவில்லை. இக்குறையைப் போக்கும்படி எங்களை யாரும் கேட்கவில்லை. ஆகவே போக்குகிறோம்.

ஆய்வு எல்லை. மாவட்டத்தில் கோல்ஃப் மைதானம் இல்லாமல் இல்லை. அது கொடைக்கானலில் இருக்கிறது. 1895இல் தொடங்கிய கிளப்புக்கு உரியது. சுமார் ஏழாயிரம் அடி உயரத்தில் பச்சைப் புல், பனிமூட்டம், ஆட்டத்துக்கு நடுவே வந்து நிற்கும் காட்டுமாடு என்று சகல வசதிகளும் அங்கே உண்டு. நமது எல்லையோ வத்தலக்குண்டோடு முடிகிறது. அதற்கு மேல் ஏற நிதிநல்கை கிடைக்கவில்லை. கீழே கிடைக்கும் ஆய்வுக்களம் வற்றிய கண்மாய், சீமைக்கருவேலம், ஆட்டுக்கிடை.

கருதுகோள். இருக்கிறது.

முன்னாய்வுகள். ஹோமர் கெல்லி 1969இல் வெளியிட்ட 'தி கோல்ஃபிங் மெஷின்' ஒரு வீச்சை 24 உறுப்புகளாகப் பிரிக்கிறது. ஒவ்வோர் உறுப்புக்கும் உட்பிரிவு, உட்பிரிவுக்கு எண், எண்ணுக்கு எழுத்து. நன்னூலுக்கு உரை எழுதிப் பழகிய கைகளுக்கு இது பால் பாயசம். பந்தை அடிக்க நினைத்தவருக்குத்தான் சிரமம். ஜிம் ஃபியூரிக் மட்டையை வானத்தில் ஒரு சுழி சுழித்து இறக்குவார். அவரைப் போல வீசாதே என்றுதான் எந்த ஆசிரியரும் சொல்லுவார். அவர் 2003இல் அமெரிக்க ஓபனை வென்றார். 2016இல் ஒரே சுற்றை 58 அடிகளில் முடித்தார். இதற்கு ஆசிரியர்களின் விளக்கம் வந்ததும் சேர்த்துக்கொள்ளப்படும்.

நமது மூலவர் மோ நார்மன். 1929இல் கனடாவின் கிச்சனரில் பிறந்தவர். ஆசானிடம் போகாமல் தானே கற்றவர். மற்றவர்கள் கையைத் தொங்கவிட்டு மட்டையைக் கோணமாகப் பிடித்து நிற்பார்கள். அடிக்கும் நொடியில் அந்தக் கோணம் மாறிப்போகும். நார்மனோ தொடக்கத்திலேயே கையையும் மட்டையையும் ஒரே நேர்கோட்டில் நீட்டிவிடுவார். கால்களை அகல விரித்து, மட்டையின் தலையைப் பந்துக்கு ஓரடி பின்னால் வைத்துத் தொடங்குவார். புறப்பட்ட தளத்திலேயே மட்டை திரும்பி வருவதால், தப்பு நடக்க ஓர் இடம் குறைகிறது. இதுவே ஒற்றைத்தள வீச்சு. 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கனடிய அமெச்சூர் பட்டம் அவருக்கே. 1956 மாஸ்டர்ஸ் போட்டியின்போது அளவுக்கு மீறிப் பயிற்சி செய்து, கை புண்ணாகிப் பாதியில் விலகினார். ஆய்வாளர்களுக்கு இப்படி நேர்ந்ததாகத் தகவல் இல்லை.

களப்பணி. மட்டைக்குப் புளியங்கம்பு, பந்துக்குச் சிறுமலை எலுமிச்சை. விதிப்படி பந்து 45.93 கிராமைத் தாண்டக்கூடாது. எலுமிச்சைக்கு அந்த விதி தெரியாது. முச்சந்தியில் கிடக்கும் எலுமிச்சையை ஆய்வுக்கு எடுக்க வேண்டாம். காரணம் வாசகர் அறிந்ததே.

இனி, பாம்புச் சிக்கல். ஆய்வின் இதயம் இதுதான். விடியற்காலையில் கண்மாய்க்குள் ஒருவர் காலை அகட்டி, கையை விறைப்பாக நீட்டி, தரையை உற்றுப் பார்த்துக் கம்பை ஓங்கினால், கரையில் போகிறவர்கள் நின்று கேட்கும் முதல் கேள்வி: "என்ன சார், பாம்பா?" மரபு வீச்சுக்கு இந்தக் கேள்வி எழுவதில்லை. அதில் இடுப்பு வளைகிறது, தோள் சுழல்கிறது. பார்ப்பவர் சுளுக்கு என்று நினைத்துப் போய்விடுகிறார். நார்மன் வீச்சு மட்டுமே பாம்படிக்கும் வீச்சோடு அச்சாகப் பொருந்துகிறது.

இங்கு உரையாசிரியர்கள் பிரிகிறார்கள். டீக்கடை மரபு (வாய்மொழி, இரண்டாவது கிளாஸ்) நார்மனே இதைப் பாம்படித்துத்தான் கற்றிருக்க வேண்டும் என்று துணிகிறது. ஆட்டுக்காரர் உரை (காலைப் பதிப்பு) அதை மறுத்து, பாம்படிக்கிறவன் ஓரடி பின்னால் கம்பை வைத்துக்கொண்டு யோசிக்க மாட்டான் என்கிறது. மாலைப் பதிப்பில் இவ்வரி நீக்கப்பட்டுள்ளது. 'மறுப்பின் மறுப்புக்கு ஒரு முன்னுரை' என்னும் அரிய கையெழுத்துப் படியோ (பரோட்டாப் பொட்டலத் தாள், இரண்டாம் பக்கம் முதல் இறுதிவரை சால்னாவால் சிதைந்தது) அடிபட்டது சாரையா நல்லதா என்று தீர்மானிக்காமல் வீச்சைப் பற்றிப் பேசுவதே முறையல்ல என்று தொடங்கி, அங்கேயே முடிகிறது. இது ஈண்டு நோக்கத்தக்கது. நோக்கிய பின் என்ன செய்வது என்பதைக் கருத்தரங்க மலர்கள் எவையும் சொல்வதில்லை. அங்கே பதிவுக் கட்டணம் கட்டினால் நோக்கத்தக்கதாகிவிடுகிறது. மேலும் கொஞ்சம் கட்டினால் பன்னாட்டு அளவில் நோக்கத்தக்கதாகிறது.

தகவலாளியான ஒரு பாட்டி மட்டுமே ஆய்வு நெறி அறிந்தவர். "அடிச்சிட்டியாப்பா, இல்ல பொந்துக்குள்ள போயிருச்சா?" என்று கேட்டார். கோட்பாட்டுக்குள் போகாமல் விளைவை மட்டும் கேட்ட ஒரே நபர். பாம்பில்லை பாட்டி, பந்து என்றதும், கம்பு ஓங்கும் கையையும் தரையில் கிடந்த எலுமிச்சையையும் மாறி மாறிப் பார்த்தார். "தலைய ஆட்டாம அடி" என்றார். கெல்லி வலியுறுத்தும் அடிப்படைகளில் ஒன்றைக் கண்மாய்க் கரையில் நின்று இனாமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவரை இணையாசிரியராகச் சேர்க்க விரும்பினோம். நெறியாளர் பெயருக்கே இடம் போதவில்லை.

முடிவுகள். ஒற்றைத்தள வீச்சை இச்சமவெளியில் கற்க முடியும். நார்மனைப் பற்றிப் பேசியவர்கள், எழுதியவர்கள் ஏராளம். ஆனால் 1995இல் பந்து செய்யும் நிறுவனம் ஒன்று அவருக்கு ஆயுள் முழுக்க மாதம் 5,000 டாலர் தர முன்வந்தபோது, பதிலுக்கு அவர் கட்டுரை எதுவும் எழுதித் தர வேண்டியிருக்கவில்லை.

மேலாய்வுக்கு உரிய களங்கள்: ஆடு மென்ற எலுமிச்சையை இழந்த பந்தாகக் கொள்வதா, நகர்த்தப்பட்ட பந்தாகக் கொள்வதா. முனைவர் பட்டத்துக்குப் போதுமானது.

வாசகருக்கு ஒரு விண்ணப்பம். கண்மாய்க்குள் யாராவது கம்பை ஓங்கி நிற்கக் கண்டால், கரையில் நின்று கேள்வி கேட்காமல் இறங்கி வாருங்கள். பந்தைத் தேட ஆள் வேண்டும்.