அரை அங்குல வக்கீல்

ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையில் செபாஸ்டியன் இன்லெட் என்றொரு முகத்துவாரம் இருக்கிறது. இந்தியன் ரிவர் உப்பங்கழி அட்லாண்டிக்கோடு கைகோக்கும் இடம். இரு பக்கமும் கடலுக்குள் நீளும் பாறைத் தடுப்புகள். அவற்றின் மேல் விடிவதற்குள் தூண்டில்காரர்கள் தோளோடு தோள் உரச நின்றுவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் வக்கீலைத் தேட வேண்டியதில்லை. புதிதாக வந்தவர் தூண்டில் பையைக் கீழே வைக்கும் முன்பே அவர் வந்து நிற்பார்.

"லைசென்ஸ் எடுத்தாச்சா?"

அவர் சட்டக் கல்லூரி வாசலை மிதித்தவரல்ல. மீன்வளத் துறையும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. பணி ஓய்வு பெற்றவர். மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி, நிறம் மங்கிய தொப்பி, அளவுப் பலகை. சொத்து அவ்வளவுதான். ஜாக்சன்வில் தொடங்கி கீ வெஸ்ட் வரை, மீன் கடிக்கும் ஒவ்வொரு பாலத்திலும் தடுப்பிலும் இவரைப் போல ஒருவர் உண்டு. முகம் மாறும், தொப்பி மாறும். கேள்வி மட்டும் மாறாது.

அவர் கையில் லைசென்ஸ் இருக்காது என்பதுதான் வேடிக்கை. கடலில் பொழுதுபோக்காகத் தூண்டில் போட உள்ளூர்வாசிக்கு ஆண்டு லைசென்ஸ் விலை 17 டாலர், வெளி மாநிலத்தவருக்கு 47 டாலர். பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கும், 65 வயதான உள்ளூர்வாசிகளுக்கும் விலக்கு உண்டு. வக்கீல் 65 ஆன அன்றே அந்த விலக்கை ஒரு பட்டம் போல ஏற்றுக்கொண்டார். ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் பிறந்த தேதியை, யாரும் கேட்காமலே எடுத்துக் காட்டுவார். லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் ஐம்பது டாலர் அபராதம், அதோடு லைசென்ஸ் காசும் கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வார். "அது சும்மா சில்லறைக் குற்றம் தம்பி. அளவு தப்பினால்தான் வினை." இந்த இடத்தில் குரல் தாழும். "இரண்டாம் நிலைக் குற்றம். ஐந்நூறு டாலர் வரைக்கும் போகும், அறுபது நாள் உள்ளேயும் வைக்கலாம்."

அளவுதான் அவருடைய பாடம். அதிலும் ஸ்நூக் என்றால் உயிர்.

ஸ்நூக் நம் ஊர் கொடுவாவுக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும் மீன். அதே சரிந்த நெற்றி, துருத்திய கீழ்த்தாடை. கூடுதலாக, பக்கவாட்டில் மை தொட்டு இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. தோலோடு சமைத்தால் சோப்பு வாடை அடிக்கிறது என்று ஒரு காலத்தில் இதற்குச் சோப்பு மீன் என்றே பெயர். தோலை உரித்தால் போதும் என்று தெரிந்த பிறகு எல்லோரும் இதன் பின்னால் ஓடினார்கள். ஓடிய ஓட்டத்தில், 1957-லேயே இதை விற்பதற்குத் தடை வந்தது. அட்லாண்டிக் கரையில் இப்போது ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. அதுவும் 28 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 32 அங்குலத்தைத் தாண்டவும் கூடாது. சின்னதைத்தான் விட வேண்டும் என்று நினைத்து வருகிறவர்கள், பெரியதையும் விட வேண்டும் என்று கேட்டதும் திகைப்பார்கள். வக்கீல் காத்திருப்பதே அந்தத் திகைப்புக்குத்தான்.

"ஸ்நூக் பிறக்கும்போது ஆண். வளர்ந்த பிறகுதான் பெண்ணாகும். கொழுத்த மீன் எல்லாம் பாட்டிமார். பாட்டியை வெட்டிக் குழம்பு வைத்தால் அடுத்த வருஷம் பேரன் எங்கிருந்து வருவான்?"

கொடுவாவுக்கும் இதே பழக்கம் உண்டு என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் இன்னும் கால் மணி நேரம் பேசுவார்.

மீன் ஒன்று மேலே வந்துவிட்டால் பிடித்தவருக்கு அதில் பாதி உரிமைதான். மீதி வக்கீலுக்கு. அவருடைய அளவுப் பலகையில் 28-க்கு நேரே ஒரு கோடு, 32-க்கு நேரே ஒரு கோடு. இரண்டும் மனைவியின் சிவப்பு நகப்பூச்சில் இழுத்தவை. மீனைப் பக்கவாட்டில் கிடத்துவார். வாயை மூடி, மூக்கைப் பலகையின் முட்டுக்கட்டையில் இடிக்க வைப்பார். பிறகு வால். விரிந்து கிடக்கும் வாலின் இரு நுனிகளையும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொண்டு மூக்குப்பொடி எடுப்பது போல் சேர்த்துக் கிள்ளுவார். வால் கூம்பும், 27½-இல் இருந்த மீன் மெல்ல நகர்ந்து 28-ஐத் தொடும். சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடுவார்கள். இது ஏமாற்று வேலை அல்ல. சட்டமே அப்படித்தான் அளக்கச் சொல்கிறது. ஆனால் வஞ்சிர வகை மீனுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதற்கு வால் பிளவுபடும் கவட்டை வரைதான் அளவு. கவட்டை மீனை வால் நுனி வரை அளந்து கொண்டாடுகிறவர்களைப் பார்த்தால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

மீன்வள, வனவிலங்கு ஆணையத்தின் அதிகாரி அவ்வப்போது வருவார். அதற்கு முன் எங்கோ ஒரு வண்டிக்குள் உட்கார்ந்து தொலைநோக்கியில் அரை மணி நேரம் பார்த்திருப்பார் என்பது வக்கீலின் உறுதியான நம்பிக்கை. அதிகாரி லைசென்ஸ் கேட்பார், ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொல்வார், எண்ணுவார், அளப்பார். பெட்டிக்காரர்கள் சொல்லும் சமாதானங்களும் கடல் அலை மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மாதிரி வரும். ஐஸில் சுருங்கிவிட்டது. என் டேப் வேறு அளவு காட்டியது. அது என் மச்சான் பிடித்தது, அவன் காபி வாங்கப் போயிருக்கிறான். இன்னும் துணிச்சலான ஒருவர், துண்டு போட்ட மீனை நீட்டி "இப்போது அளந்து பாருங்கள்" என்பார். அளவு வரம்புள்ள மீனைக் கரை சேரும் வரை தலையும் வாலுமாக முழுசாக வைத்திருக்க வேண்டும் என்று அதிகாரி சொல்ல வாய் திறப்பதற்குள் வக்கீல் சொல்லி முடித்திருப்பார். அதிகாரி அவரைப் பார்த்துத் தலையசைப்பார். அது வணக்கமா, வாயை மூடுங்கள் என்பதா என்று யாருக்கும் தெரியாது. வக்கீல் அதை வணக்கம் என்றே எடுத்துக்கொள்வார்.

மீன் கடிக்காத நேரங்களில் வழக்குக் கதை. அதில் அவர் அடிக்கடி எடுப்பது யேட்ஸ் வழக்கு.

2007 ஆகஸ்டில் ஜான் யேட்ஸ் என்ற தொழில்முறை மீனவரின் படகை மெக்சிகோ வளைகுடாவில் ஓர் அதிகாரி சோதித்தார். சிவப்புக் களவாவுக்கு அப்போது குறைந்த அளவு 20 அங்குலம். குறைந்தவை 72 என்று எண்ணி, தனியாகப் பெட்டியில் வைத்து, கரைக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார். கரையில் எண்ணினால் 69. அது மட்டுமல்ல, மீன்கள் வழியிலேயே கொஞ்சம் வளர்ந்தும் இருந்தன. பழையவற்றைக் கடலில் கொட்டிவிட்டு வேறு மீன்களை வைத்தார்கள் என்று படகு ஆள் ஒருவர் பிறகு ஒப்புக்கொண்டார். அரசு குற்ற வழக்குப் போட்டது மீன்பிடிச் சட்டத்தில் அல்ல. என்ரான் நிறுவன ஊழலுக்குப் பிறகு, கணக்குப் புத்தகங்களைக் கிழித்து எறிகிறவர்களைப் பிடிக்க 2002-இல் வந்த சட்டத்தில். அதில் உச்ச தண்டனை 20 ஆண்டு. யேட்ஸுக்குக் கிடைத்தது 30 நாள் சிறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மீன் என்பது அந்தச் சட்டம் சொல்லும் 'பொருள்' ஆகுமா? ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்து, 2015-இல் ஐந்துக்கு நான்கு என்று ஆகாது எனத் தீர்ப்பளித்தார்கள். மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி எலினா கேகன், மீன் ஒரு பொருள்தான் என்பதற்குச் சான்றாக டாக்டர் சூஸ் எழுதிய குழந்தைகள் புத்தகத்தைக் காட்டினார்.

இங்கே வக்கீல் நிறுத்துவார். கேட்பவர் சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்து, கடைசித் தூண்டிலை வீசுவார். "குற்றப்பத்திரிகை வந்தபோது அரசாங்கமே அளவை 18 அங்குலமாகக் குறைத்துவிட்டது. அவர் படகில் அளந்த மீன் ஒன்றுகூட 18-க்குக் கீழே இல்லை!"

விதிகள் மேல் அவருக்குக் கோபமே இல்லை என்று சொல்ல முடியாது. சங்கராவின் உறவான ரெட் ஸ்நாப்பரை அட்லாண்டிக்கில் கரையிலிருந்து மூன்று கடல் மைல் தாண்டிப் பிடிக்க 2024-இல் கொடுத்த காலம் ஒரே ஒரு நாள், ஜூலை 12.  வக்கீல் படகு ஏறியே வருஷக்கணக்காகிறது. இருந்தாலும் படகுக்காரர்கள் சார்பில் அவர் அன்று முழுவதும் வானிலையைத் திட்டினார்.

ஆனால் 2010 ஜனவரிக் குளிரைப் பற்றிப் பேசும்போது கிண்டல் இருக்காது. கரையெங்கும் ஸ்நூக் விறைத்து மிதந்ததையும், மேற்குக் கரையில் 2013 செப்டம்பர் வரை ஒன்றைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோக விடாமல் மூடிவைத்ததையும் சொல்லிவிட்டு, சற்று நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

விதி மீறலைப் பற்றித் துப்புக் கொடுக்க ஆணையம் ஒரு தொலைபேசி எண் வைத்திருக்கிறது. பெயர் சொல்ல வேண்டாம், சன்மானமும் உண்டு. வக்கீலின் செல்போனில் அந்த எண் மகள் எண்ணுக்கு மேலே இருக்கிறது. வாரத்துக்கு நான்கு பேரிடமாவது "கூப்பிடட்டுமா?" என்று கேட்பார். இதுவரை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டு ஆளை அனுப்பிவிட்டால் அப்புறம் யாரோடு வாதாடுவது?

ஆகஸ்ட் 31 இரவு அவருக்கு அரங்கேற்ற மேடை. அட்லாண்டிக் கரையில் ஜூன் முதல் தேதியிலிருந்து ஸ்நூக்குக்குப் பூட்டு. நள்ளிரவு கடந்தால் திறப்பு. இருட்டியதிலிருந்தே கூட்டம். 11.48-க்கு வக்கீலின் தூண்டில் வில்லாக வளைந்தது. வெகு நேரம் மல்லுக்கட்டி மேலே கொண்டுவந்து பலகையில் கிடத்தினால், 30 அங்குலம். சிவப்புக் கோடுகள் இரண்டுக்கும் நட்டநடுவே. கூட்டம் அவரையே பார்த்தது. "இன்னும் சில நிமிஷம்தானே, வலையில் போட்டுத் தண்ணீரில் வைத்திருங்கள்" என்றது ஒரு குரல்.

"வைத்திருந்தாலே பிடித்து வைத்துக்கொண்டதாகத்தான் சட்டத்தில் அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே கொக்கியைக் கழற்றினார். மீனை இரு கையாலும் தாங்கி, அது வால் அடிக்கும் வரை நீரில் பிடித்திருந்து, விட்டார். யாரும் கை தட்டவில்லை.

12.10-க்குப் பக்கத்தில் நின்ற பையனின் தூண்டில் வளைந்தது. வக்கீல் தன் பலகையை நீட்டினார். வாயை மூடி, வாலைக் கிள்ளிப் பிடித்தார். 30 அங்குலம். மேலுதட்டில் புதிதாக ஒரு கொக்கித் துளை.

"என் மீன்" என்றார் மெதுவாக. பிறகு தொண்டையைக் கனைத்தார். "லைசென்ஸ் சரி. ஸ்நூக் பெர்மிட்? தனியாகப் பத்து டாலர். எடுத்தாச்சா?"

பையன் செல்போனை நீட்டினான். மீன் பலகையில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. வக்கீல் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார்.