மருமவனே, டிரைவரைப் பாத்துக்கோ

என்ன மருமவனே, மஸ்கட் போறியாம்லா! உங்கம்மா நேத்து சாயங்காலத்துக்குள்ள தெருவுல ஒரு வீடு பாக்கி வைக்காம சொல்லியாச்சு. கூட்டத்தோட பஸ்ஸுல போனா கௌரவக் குறைச்சல்னு தனிக் காரு, தனி கைடு பேசியிருக்கியாமே. காலையில ஏழு மணிக்கு ஓட்டல் வாசல்ல வண்டி வந்து நிக்குமாம். கடலை ஒட்டியே சூர் வரைக்கும் கூட்டிட்டுப் போயி ராத்திரி கொண்டாந்து விட்டுருவானாம். போயிட்டு வா. காசு இருக்கவன் செலவழிக்கதுதான் நாட்டுக்கு நல்லது. நான் அந்தப் பக்கம் லாரி ஓட்டுன காலத்துல குரியாத் ஊரைத் தாண்டிட்டா தார் ரோடே கிடையாது. எதிர வார வண்டி கிளப்புன புழுதிதான் நமக்கு கைடு. அதனால நாலு வார்த்தை சொல்லுதேன். பிடிச்சா எடுத்துக்கோ. பிடிக்கலைன்னாலும் எடுத்துக்கோ, சொல்லுதது தாய்மாமன்.

பாலைவனக் கடற்கரைன்னதும் உன் வீட்டுக்காரி மஞ்சச் சேலை ஒண்ணு எடுத்து வச்சிருப்பாளே, மணல்மேட்டுல நின்னு முந்தானையைப் பறக்க விட? அதை பீரோவுலயே வச்சிட்டு வரச் சொல்லு. நீங்க போற ரோட்டுல மணல்மேடு கிடையாது. ஒரு பக்கம் ஹஜர் மலை. புல்லு பூண்டு ஒட்டாத மொட்டைக் கல்லு, பழுப்பும் சாம்பலுமா எறங்கி வந்து கடலுக்குக் கிட்ட நிக்கும். மறுபக்கம் கண்ணு கூசுற நீலத்துல கடலு. ரெண்டுக்கும் நடுவுல ரோடு. அம்புட்டுதான் சங்கதி, ஆனா பாத்து முடியாது. மணல் வேணும்னா வஹீபா மணல்காடு உள்நாட்டுப் பக்கம் இருக்கு. அதையும் இதையும் ஒரே நாள்ல காட்டுதேன்னு எவனாவது சொன்னா, அவன் காட்டப்போறது கார் கண்ணாடியை மட்டுந்தான்.

உன் லிஸ்டை உங்கம்மா எங்கிட்ட காட்டுனா. பிம்மா பள்ளம், ஃபின்ஸ் கடற்கரை, வாதி ஷாப், வாதி திவி, கல்ஹாத், சூர்ல மரக்கப்பல் பட்டறை, கலங்கரை விளக்கம், கடைசியில ராஸ் அல் ஜின்ஸ்ல ஆமை. கல்யாண வீட்டுப் பந்தியில கூட இத்தனை கூட்டு வைக்க மாட்டாவ. ஏண்டே, பச்சை ஆமை ராத்திரிலதான் முட்டையிட கரையேறும். உனக்குப் பொழுதோட ஓட்டலுக்குத் திரும்பணும்ங்கதுக்காக அது மத்தியானம் மூணு மணிக்கு வந்து வரிசையில நிக்குமா? மஸ்கட்ல இருந்து சூர் இருநூறு கிலோமீட்டர் கிட்ட. திரும்பவும் அம்புட்டு இருக்கு. ஆமை பாக்கணும்னா அங்கனயே ராத்தங்கு. இல்லைன்னா லிஸ்டுல ஆமையை அடிச்சிட்டு மனுசனா இரு.

லிஸ்டு கிடக்கட்டும். மலையும் கடலும் ஓசிதான். நீ காசு கொடுத்து வாங்குதது ஒரு மனுசனோட ஒரு நாளை. அவன் எப்படிப்பட்டவனோ அப்படித்தான் உன் டூரும். இது என் சரக்கு இல்ல. எழுநூறு வருசத்துக்கு முந்தி இதே கரையில தனி கைடு பிடிச்சிட்டுப் போன ஒரு பெரிய மனுசன் பட்டு எழுதுன சரக்கு.

இப்னு பதூதான்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே, மறந்திருப்பே. 1330 வாக்குல அவரு வந்த கப்பலு சூர்ல நங்கூரம் போட்டுது. கரையில இருந்து பாத்தா கல்ஹாத் பட்டணம் தெரியுது. கப்பல்ல கிடந்து அலுத்துப் போனவரு, நடந்தே போயிருவோமேன்னு கிளம்பிட்டாரு. பொழுதுக்குள்ள போயிரலாம்னு விசாரிச்ச ஆளு சொல்லியாச்சு. கப்பல்காரன் ஒருத்தனைக் கைடா கூலிக்குப் பேசினாரு. கூட கிதர்னு ஒரு இந்தியாக்காரனும் உண்டு. ஓசி டூருன்னா நம்மாளு அன்னைக்கே கிளம்பியிருக்கான் பாரு. நல்ல துணியெல்லாம் கைடு தோள்ல. பதூதா கையில ஒரு ஈட்டி.

கொஞ்ச தூரம் போனதும் கடலுத் தண்ணி உள்ள புகுந்த ஓடை ஒண்ணு. துணியோட கடக்கப் பாக்கான் கைடு. "நீ மட்டும் போ, துணி இங்கன இருக்கட்டும்"ங்காரு இவரு. பெறவு பாத்தா வேற ஆளுவ அதை நீந்தித்தான் கடக்காவ! ஆளை முக்கிட்டுத் துணியைத் தூக்கிட்டுப் போற திட்டம். பெறவு ஈட்டியை ஆட்டிக்கிட்டே நடந்தாராம், கைடும் ரொம்ப மரியாதையா நடந்தானாம். குடிக்கத் தண்ணி கிடையாது. தாகத்துல செத்துப் பொழைச்சு, ராத்திரி வெட்டவெளியில துணியை உடுப்புக்குள்ள வச்சு, ஈட்டியைக் கையில பிடிச்சு, மத்தவங்க தூங்க இவரு கொட்டக் கொட்ட முழிச்சிருக்காரு. "அன்னா ஊரு வந்துட்டு, அன்னா வந்துட்டு"ன்னு கைடு சொல்லிக்கிட்டே இருக்கான். மறுநாள் கல்ஹாத் வாசலுக்குப் போய்ச் சேரும்போது காலு வீங்கி, செருப்பு இறுகி, நகத்துக்கடியில ரத்தம் வராத குறைதான். பட்டண அதிகாரி பாவப்பட்டு ஆறு நாளு வீட்டுல வச்சுச் சோறு போட்டாரு. சூர்ல இருந்து கல்ஹாத் இருபது கிலோமீட்டர் சொச்சம். நீ கால் மணி நேரத்துல ஏசியில தூங்கிக்கிட்டே கடந்துருவே.

இன்னைக்கு உனக்கு வாரவன் அப்படிப்பட்டவன் இல்ல. வெள்ளை அங்கி, தலையில பூவேலை செஞ்ச கும்மா தொப்பி, கையில அரசாங்க உரிமம். உரிமம் இருக்கான்னு முன்கூட்டியே கேட்டுக்கோ, அதுல தப்பில்ல. ஈட்டி வேண்டாம். ஆனா ஒண்ணு: காசு கொடுத்தவன்ங்கதுக்காகப் பின்சீட்டுல ஜமீந்தாரு மாதிரி சாஞ்சுக்கிட்டு "ஸ்டாப், ஸ்டாப்"னு கத்தாத. முன்சீட்டுல போய் உக்காரு. அவன் ஒண்ணு சொல்லும்போது செல்போனைத் தட்டிப் பாத்து "கூகுள்ல வேற மாதிரி போட்டிருக்கே"ன்னு சொன்னேன்னு வையி, அன்னையோட அவன் வாய் மூடிக்கிடும். பெறவு உனக்கு மிஞ்சுதது டிரைவர் மட்டுந்தான், கைடு இல்ல. 120க்கு மேல போனா வண்டி தானே டிங்கு டிங்குன்னு கத்தும், வழிநெடுக கேமராவும் உண்டு. "இன்னும் கொஞ்சம் மிதிங்க பாய்"னு அவனைத் தூண்டி விடாத. அபராதம் அவன் பேர்லதான் வரும்.

போற வழியில பிளாஸ்க்கைத் திறந்து கஹ்வான்னு அரபுக் காப்பி ஊத்துவான், பேரிச்சம்பழம் நீட்டுவான். பிடி இல்லாத சின்னக் கிண்ணம், அடியில ரெண்டு மடக்கு, ஏலக்காய் மணக்கும், பால் சீனி எதுவும் கிடையாது. முகத்தைச் சுளிக்காம குடி. போதும்னா கிண்ணத்தை லேசா ரெண்டு ஆட்டு ஆட்டிக் கொடுக்கணும். ஆட்டாம நீட்டுனா ஊத்திக்கிட்டே இருப்பான், நீயும் மரியாதைக்குக் குடிச்சிக்கிட்டே இருப்பே. பிம்மா போய்ச் சேருறதுக்குள்ள ஒதுங்க இடம் தேடுவே. அந்த மலையில மரமும் கிடையாதுடே.

பிம்மா பள்ளத்துக்கு அங்க பேரு ஹவியத் நஜ்ம். வானத்துல இருந்து நட்சத்திரம் விழுந்து உண்டான குழின்னு அவன் சொல்லுவான். சுண்ணாம்புப் பாறையை அடியில தண்ணி கரைச்சு, மேல்கூரை இடிஞ்சு விழுந்த குழின்னு படிச்சவங்க சொல்லுதாவ. அதுதான் நெசம். ஆனா அதை அவன் முன்னால எடுத்து விளக்கப் புறப்படாத. அவனுக்கும் அது தெரியும், உன் பிள்ளையளுக்காகத்தான் நட்சத்திரத்தைச் சொல்லுதான். படி எறங்கிக் காலைத் தண்ணியில விட்டா பொடி மீனு வந்து குதிகால்ல செத்த தோலைக் கடிக்கும். மால்ல இதுக்குக் காசு வாங்குதாம்லா, உன் வீட்டுக்காரிதான் சொன்னா. இங்க ஓசி.

வாதி ஷாப்தான் மெயின். வாதின்னா மலைக்கு நடுவுல உள்ள ஆத்துப் பள்ளம். காசு, நேரம், முழங்கால் மூணையும் அங்கனதான் செலவழிக்கணும். நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழ சின்னப் படகு ஒண்ணு நிக்கும். அக்கரைக்குப் போக ரெண்டு நிமிசம் ஆகாது. "இம்புட்டு தூரத்துக்கு ஒரு ரியாலா, நம்ம ஊர்ல இருநூறு ரூவாய்க்கு மேலயாச்சே"ன்னு உன் வாய் முணுமுணுக்கும். திரும்பி வரவும் சேத்துத்தான் அந்தக் காசு, பேசாம ஏறு. அக்கரையில பேரீச்சை, வாழை, பாறையோரமா ஃபலஜ் வாய்க்கால். மொட்டை மலைக்கு நடுவுல ஓடுத தண்ணி. முக்கா மணி நேரம் கல்லு தாண்டி நடக்கணும். அந்தப் பளபளா செருப்பு போட்டுட்டுப் போகாத, உருண்டைக் கல்லுல வழுக்கும். பெறவு நடை முடிஞ்சிரும், நீச்சல்தான். ஒரு குளம் மாத்தி ஒரு குளமா நீந்திப் போனா, கடைசியில ரெண்டு பாறைக்கு நடுவுல தலை மட்டும் நுழையுத இடுக்கு. அதுக்குள்ள குகை, குகைக்குள்ள அருவி. 2012ல உயரத்துல இருந்து குதிக்கிற போட்டியை ரெட் புல்காரன் அங்கதான் வச்சான். நீ குதிக்க வேண்டாம். உன் தொப்பை அந்த இடுக்குல நுழைஞ்சாலே பெரிய சாதனை.

இங்கனதான் பதூதா நினைப்பு வரணும். தண்ணியில எறங்குறதுக்கு முந்தி துணி, செருப்பு, பர்ஸு எல்லாத்தையும் கழட்டி யார் கையில கொடுக்கப் போற? கைடு கையில! அவன் பாறை நிழல்ல உக்காந்து உன் மூட்டையைக் காத்துக்கிட்டு இருப்பான், நீ உள்ள போயி அருவியில கூவிக்கிட்டு இருப்பே. எழுநூறு வருசத்துல கைடு எம்புட்டு நல்லவனாயிட்டான் பாரு. அதுக்காவது அவனுக்கு ஒரு தண்ணி பாட்டிலு வாங்கிக் கொடு.

இன்னொண்ணு, இதுல வெளையாட்டு இல்ல. அவன் வானத்தையும் மலையையும் பாத்துட்டு "இன்னைக்கு வாதிக்குள்ள போக வேண்டாம்"னு சொன்னா, சரின்னு வண்டியில ஏறிரு. நீ நிக்குத இடத்துல வெயில் சுட்டெரிக்கும், மேல மலையில எங்கயோ மழை பெஞ்சிருக்கும். வத்திக் கிடந்த பள்ளத்துல தண்ணி கல்லையும் மரத்தையும் உருட்டிக்கிட்டு வந்துரும். காசு கட்டியாச்சுன்னு வெள்ளத்துக்கிட்ட ரசீதைக் காட்ட முடியாது. 2007ல கோனு புயலு அந்தக் கரையைப் புரட்டிப் போட்டதை அங்க உள்ளவங்க இன்னும் சொல்லுவாவ.

சாப்பாடா? லிஸ்டுல போட்டிருக்க ஓட்டலை விடு. "நீங்க எங்க சாப்பிடுவீங்க?"ன்னு அவன்கிட்ட கேளு. ரோட்டோரம் மலையாளி வச்சிருக்க காபி ஷாப்புல நிறுத்துவான். பரோட்டாவுல முட்டையும் சீஸும் வச்சு, சிப்ஸ் ஓமான் பாக்கெட்டை நொறுக்கிப் போட்டுச் சுருட்டிக் கொடுப்பாவ, கூட கரக் சாயா. மத்தியானம் சூர்ல சுட்ட மீனும் சோறும். வெள்ளிக்கிழமை போனேன்னா தொழுகை முடியுற வரைக்கும் கடை அடைப்பு, பசியோட வீட்டுக்காரிகிட்ட மாட்டிக்காத. பதூதாவும் கல்ஹாத்துல இலையில வச்சுச் சுட்ட மீனைத் தின்னுட்டு, இப்படி ஒரு மீனு வேற எங்கயும் கிடைக்கலைன்னு எழுதிட்டாரு. கூடத் தின்ன அரிசி இந்தியாவுல இருந்து போனதாம். கரையில காயுத மத்தியைப் பாத்து வாயில எச்சி ஊற விடாத. அது மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீவனம்.

அந்தக் கல்ஹாத்துல இன்னைக்கு நிக்குதது பீபி மரியம் சமாதி மட்டுந்தான். கும்மட்டம் பாதி சரிஞ்சு, சுத்தி வெறுங்கல்லு. 1508ல போர்த்துகீசியன் அல்புகர்க் வந்து கொளுத்திட்டுப் போனான். 2018ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம்னு எழுதிக்கிட்டுது. கிட்டப் போக விட்டா போ, வேலி போட்டிருந்தா ரோட்டுல நின்னே பாரு. ஆனா "என்னத்த இருக்கு இங்க, நாலு கல்லு"ன்னு மட்டும் சொல்லிறாத. இங்க இருந்து இந்தியாவுக்குக் கப்பல் கப்பலா குதிரை ஏத்துனாவன்னு மார்க்கோ போலோ எழுதியிருக்கான். அரபுக் கரைக் குதிரைக்கு நம்ம பாண்டியன் வருசா வருசம் பொன்னைக் கொட்டியிருக்கான். வாங்குன குதிரைக்குச் சோத்தையும் கறியையும் வேக வச்சுப் போட்டாவளாம். லாடம் அடிக்கத் தெரிஞ்ச ஆளு கிடையாது. அதுவ ஒவ்வொண்ணாச் சாவ, பாண்டியன் மறுபடியும் வாங்க, இங்க உள்ள வியாபாரி சிரிச்சிக்கிட்டே ஏத்தியிருக்கான். அந்த நாலு கல்லுல ரெண்டு கல்லு நம்ம மதுரைக் காசுல வச்சதாக் கூட இருக்கும், யாரு கண்டா.

சூர்ல மரக்கப்பல் பட்டறையை அவசரப்படாம பாரு. மலபார்ல இருந்து போன தேக்கு, வரைபடம் இல்லாம மேஸ்திரி கண்ணளவுல செதுக்குத வேலை. 1980ல ஆணியே இல்லாம தென்னங்கயித்தால தைச்சு, சீனா வரைக்கும் போன சோஹார் கப்பல் இந்த ஊர்லதான் உருவாச்சு. அது இப்ப மஸ்கட்ல ஒரு ரவுண்டானாவுல நிக்குது, திரும்பும்போது கைடு காட்டுவான். ஃபின்ஸ் கடற்கரையை நேரம் இருந்தா பாரு, இல்லைன்னா ஜன்னல் வழியா ஒரு கும்பிடு போட்டுட்டு வா.

ராத்திரி ஓட்டல் வாசல்ல எறங்கும்போது கைமடக்கைப் பொண்டாட்டி முன்னால எண்ணிப் பாக்காத. காலையிலயே தனியா மடிச்சு சட்டைப்பையில வச்சிரு. கூட இன்னொரு ரியால் கொடுத்து, "எங்க மாமாவுக்கு நல்ல ஓமான் அல்வா எங்க கிடைக்கும்?"னு கேளு. ஏர்போர்ட்டுல டப்பாவுல அடுக்கி வச்சிருக்கதை வாங்கிட்டு வந்து எங்கிட்ட நீட்டாத. குங்குமப்பூ, பன்னீரு, நெய்யி போட்டு, செப்புச் சட்டியில மணிக்கணக்காக் கிண்டுத கடை அவனுக்குத் தெரிஞ்சிருக்கும். திருநெல்வேலிக்காரனுக்கு வேற ஊரு அல்வாவான்னு சிரிக்காத, ஒப்பிட்டுப் பாக்கத்தான் கேக்கேன். ஒரு கிலோ போதும். ரெண்டு கிலோ கொண்டாந்தா கோவிச்சுக்கிட மாட்டேன். உங்க அத்தைகிட்ட மட்டும் கொடுத்துறாத, டாக்டர் சொன்னதையே சொல்லிக்கிட்டு இருப்பா. திண்ணைப் பக்கமா வந்து எங்கையில கொடு.