மாப்ள, எந்தூருச் சேரு நல்ல சேரு?

மாப்ள, டிவியில வர்ற கோடி ரூவா கேள்வி-பதில் போட்டிக்கு நீ பேரு குடுத்திருக்கறயாம். உங்கொம்மா நேத்து சந்தையில நிக்கவெச்சுச் சொன்னா. சந்தோசம். தாய்மாமன்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணும்னு உனக்குத் தோணல பாரு, அதுவுஞ் சந்தோசந்தான். கேட்டு வந்தவனுக்குப் புத்தி சொன்னா அது கடமையாப் போயிரும். கேக்காதவனுக்குச் சொல்றதுலதான் ருசி.

பொது அறிவுப் பொஸ்தகமா வாங்கி அடுக்கிப்போட்டு, எந்த நாட்டுக்கு எது தலைநகரம், எந்த ஆத்துல எந்த அணைன்னு உருப்போட்டுட்டிருக்கறயாம். அது கெடக்கட்டும். நானு வேற படிப்பு படிச்சவன். பேத்தி போன்ல யூட்யூப்பத் தட்டிக் குடுத்துட்டுப் போயிருவா. இந்த ஒரே ஆட்டத்த ஒவ்வொரு தேசத்துக்காரனும் எப்படி ஆடறான்னு திண்ணையில உக்காந்து பாத்துட்டேயிருப்பேன். "பாஷ தெரியாம என்னத்த மாமா பாத்தீங்க"ன்னு இளிக்காத. நாலு பதில், மூணு ஒத்தாச, ஒரு சேரு. அதுல உக்காந்தவன் எச்சில முழுங்கினா கேள்வி கஷ்டம். பொண்டாட்டி கண்ண மூடிக்கிட்டா பணம் பெருசு. இதுக்குப் பாஷ என்னத்துக்கு?

இதக் கண்டுபிடிச்சவன் வெள்ளக்காரன். 1998 செப்டம்பர் 4ஆந் தேதி, ஐடிவிங்கற இங்கிலாந்துச் சேனல்ல கிறிஸ் டாரன்ட் நடத்த ஆரம்பிச்சாரு. ரோசன டேவிட் பிரிக்ஸுங்கற ஆளோடது, தயாரிச்சது செலடார் கம்பெனி. ஆட்டம் ஓடுதுன்னு தெரிஞ்சதும் அச்சையே வெலைக்கு விட்டுப்போட்டாங்க. நூறு தேசத்துக்கு மேல வாங்கிருச்சு. நம்மூரு அச்சுவெல்லந்தான் மாப்ள இது. அச்சு எல்லாத்துக்கும் ஒண்ணு, பாகுதான் ஆலைக்கு ஆலை வேற. லைட்டு எப்ப மங்கோணும், சேரு எங்க கெடக்கோணும்னு சட்டம் வெச்சுத்தான் குடுக்கறாங்க. மியூசிக்கு கீத் ஸ்ட்ராக்கன், மேத்யூ ஸ்ட்ராக்கன்னு அப்பனும் மவனும் போட்டது. பெரிய தொகைக்குப் போகப்போக ஒவ்வொரு கேள்விக்கும் சுருதிய அரையரையா ஏத்திட்டே போவாங்க. உனக்கு வயித்தக் கலக்கறது கேள்வியில்ல, அந்தச் சுருதி.

அதனால கேள்விக்குப் படிக்காத. சேரச் சுத்தி உக்காந்திருக்கற ஆளுகளப் படி.

மொதல்ல கூட்டம். பதில் தெரியாட்டி எதுத்தாப்புல இருக்கற ஜனங்களக் கேக்கலாம்னு ஒரு ஒத்தாச இருக்குதல்ல? அமெரிக்காவுல அந்தக் கூட்டம் 100க்கு 91 தடவ சரியாச் சொல்லிருக்குதுன்னு ஜேம்ஸ் சுரோவிக்கி 2004ல எழுதின பொஸ்தகத்துல கணக்குக் குடுத்திருக்கறாரு. ஆளு அறிவாளின்னு நம்பிப் போன் போட்டா, அந்தப் பக்கத்து ஆளு சொன்னது 65 தடவ பக்கந்தான் சரி. அமெரிக்காக்காரன் எவனோ ஒருத்தன் பணக்காரனாவறத வேடிக்க பாக்கறதுக்கே காசு குடுக்கறவன். பொத்தான அமுக்கும்போது அவனுக்குக் கை நடுங்காது.

ரஷ்யாவுக்குப் போ. அங்க 1999ல டிமித்ரி டிப்ரோவ் நடத்த ஆரம்பிச்சாரு. அந்த ஊருக் கூட்டத்துக்கு ஒரு பேரு உண்டு: சரியான பதில் தெரிஞ்சே தப்பான பொத்தான அமுக்கி ஆளக் கவுத்துப்போடுவாங்கன்னு ரொம்ப நாளாப் பேச்சு. கெட்டவங்கன்னு சொல்லிப்போடாத. அப்பத்தான் சர்க்காரு ஆலையும் எண்ணெக் கெணறும் அடிமாட்டு வெலைக்குப் போயி, நேத்து வரைக்கும் கூடப் பொழங்கினவன் பொழுது விடியறதுக்குள்ள கோடீஸ்வரனாயிருந்தான். சம்பளமே மாசக்கணக்கா வராம நின்னவனுக்கு, இன்னொருத்தன் ஒரு மணி நேரத்துல பணக்காரனாவறதப் பாத்தா வெரலு சும்மாவா இருக்கும்? இது என்ற அனுமானம். நானே அந்தக் கூட்டத்துல உக்காந்திருந்தா என்ன பண்ணிருப்பேன்னு மட்டும் கேக்காத.

பிரான்ஸ் கத அதுக்கும் மேல. டிஎஃப்1 சேனல்ல ழான் பியேர் ஃபூக்கோ நடத்தினது. பூமியச் சுத்தி வர்றது எதுன்னு ஒரு கேள்வி. நெலா, சூரியன், செவ்வாய், வெள்ளி. சேருல இருந்த ஆளு ரோசன பண்ணிப் பண்ணிப் பாத்துட்டு கூட்டத்தக் கேட்டாரு. 56 சதவீதம் பேரு சூரியன்னு அமுக்கினாங்க. அவரும் சூரியன்னே சொல்லிப்போட்டாரு. கோப்பர்நிகஸ் செத்தது 1543ல மாப்ள! அந்த 56 சதவீதத்துக்கு மெய்யாவே தெரியாதா, இல்ல, நெலாவத் தெரியாதவனுக்குப் பணமொரு கேடான்னு நெனச்சாங்களான்னு இன்னைக்கு வரைக்கும் விவாதம் நடக்குது. எனக்கு ரெண்டாவதுதான் ரசிக்குது. நம்மூர்க் கூட்டம் எந்த வகைன்னு எனக்குத் தெரியும், நீ போயித் தெரிஞ்சுக்க. அந்த ஹால்ல நம்ம வாய்க்கா வரப்புப் பங்காளி எவனாச்சும் உக்காந்திருந்தா மட்டும் கூட்டத்தக் கேக்காத.

ரெண்டாவது போன். அமெரிக்காவுல 1999 நவம்பர்ல ஜான் கார்ப்பென்டர்னு ஒருத்தரு கடசிக் கேள்வி வரைக்கும் ஒரு ஒத்தாசையும் எடுக்கல. மில்லியன் டாலர் கேள்விக்குத்தான் அப்பனுக்குப் போன் போட்டாரு. எதுக்கு? பதில் கேக்கறதுக்கில்ல, பதிலு எனக்கே தெரியும், ஜெயிக்கப் போறேன்னு சொல்றதுக்கு. நிக்சன்னு சொல்லி ஜெயிச்சும்போட்டாரு. அவருக்கு வேல எங்கங்கறே, வருமானவரி எலாக்காவுல! நீ உங்கப்பனுக்குப் போன் போட்டுப் பாரு. "சாப்டயா"ம்பாரு, "மோட்டாரு போட்டயா"ம்பாரு. முப்பது நொடி முடிஞ்சுபோயிரும். 2010ல அமெரிக்காக்காரன் இந்தப் போன் ஒத்தாசையவே எடுத்துப்போட்டான். அந்தப் பக்கம் இருக்கற அறிவாளி எல்லாரும் கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துச் சொல்றான்னு கண்டுபுடிச்சாச்சு.

மூணாவது, கேள்வி கேக்கற ஆளு. இதுலதான் மாப்ள சூட்சுமம். ஜப்பான்ல மினோ மோன்டான்னு ஒருத்தரு நடத்தினாரு. நீ பதிலச் சொல்லிப்போட்டயா, மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டே உக்காந்திருப்பாரு. சரியா தப்பான்னு சொல்லவே மாட்டாரு. நானு எந்திரிச்சுப் போயி மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துரலாம்னு பாப்பேன், அப்பவும் பாத்துட்டேதான் இருப்பாரு. அங்க அப்பப் பரிசு 1 கோடி யென். அந்தப் பார்வைக்கே பாதியக் குடுக்கலாம்.

அரபு நாட்டுக்கெல்லாம் சேத்து ஜார்ஜ் கொர்தாஹின்னு லெபனான்காரரு எம்பிசியில நடத்தினாரு. குரலு கணீர்னு இருக்கும். அந்தப் பேர வெச்சே 2021 செப்டம்பர்ல லெபனானுக்குத் தகவல் மந்திரியாயிட்டாரு. மந்திரியாவறதுக்கு முந்தி ஒரு பேட்டியில யேமன் சண்டையப் பத்திக் கேட்டதுக்குச் சொன்ன பதிலு அக்டோபர்ல வெளிய வந்துச்சு. சவுதிக்குக் கோவம் வந்து லெபனான் தூதர வெளிய போகச் சொல்லி, அந்த நாட்டுச் சரக்கையும் நிறுத்திப்போட்டுது. டிசம்பர்ல பதவிய விட்டுட்டுப் போயிட்டாரு. கேள்வி கேட்டே பொழச்ச மனுசனுக்கு ஒரு பதிலு போதலியா?

நம்ம பக்கம் பாரு. 2000 ஜூலை 3ல அமிதாப் பச்சன் இந்தியில ஆரம்பிச்சபோது அவரு நடத்தின ஏபிசிஎல் கம்பெனி நொடிச்சு, தலைக்கு மேல கடன். அந்த ஆட்டந்தான் அவரத் தூக்கி விட்டுச்சுன்னு எல்லாரும் பேசற கத. ஆக, இந்த ஆட்டத்துல மொதல்ல கரையேறினது கேள்வி கேட்டவரு! தமிழ்ல சன் டிவியில சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினாரு. 2019 கடசியில அவரு சம்சாரம் ராதிகா கலர்ஸ் தமிழ்ல 'கோடீஸ்வரி' நடத்துனாங்க. ஒரே ஊட்டுல ரெண்டு பேரும் கேள்வி கேட்டுத்தான் பொழச்சாங்க. நடுவால விஜய் டிவியில சூர்யா, பிரகாஷ்ராஜ், அரவிந்த்சாமி. மலையாளத்துல நடத்தின சுரேஷ் கோபி 2024ல மத்திய இணை மந்திரியானாரு. நீ எழுதிப் போட்ட விண்ணப்பத்துல எதுத்தாப்புல இருக்கற சேருக்கு எடம் இருந்துச்சான்னு ஒரு தடவ பாத்திருக்கலாம்.

பணத்தக் கேட்டா சிரிப்பே வரும். இத்தாலியில பரிசு நூறு கோடி லிரா, அதனால ஆட்டத்துக்குப் பேரே பில்லியனேருன்னு வெச்சாங்க. யூரோ வந்துச்சு, பேர மில்லியனேருன்னு எறக்கிப்போட்டாங்க. ஆனா நூறு கோடி லிராவ மாத்தினா 5 லட்சத்துச் சொச்சம் யூரோதான். புதுப் பரிசு 10 லட்சம் யூரோ. பேரு சிறுத்துப் பணம் பெருத்த ஊரு அது. துருக்கியில பாரு, 500 பில்லியன் லிரா யாருக்கு வேணும்னு கூவினாங்க. 2005ல சர்க்காரு லிராவுல ஆறு சைபர வெட்டி விட்டுது. அதே ஆட்டம் அரை மில்லியனாச் சுருங்கிப் போச்சு.

நம்ம நாட்டுச் சேருக்கு ஒரு தனிக் கொணம் உண்டு. வேற ஊருல அறிவு இருந்தாப் போதும். இங்க கஷ்டமும் வேணும். ஜெர்மனியில குந்தர் யாவுக்னு ஒருத்தரு 1999லிருந்து விடாம நடத்தறாரு. ஆளக் கிண்டல் பண்ணுவாரு, அழ வெக்க மாட்டாரு. இங்க கேள்விக்கு முந்தி உன்ற கதைய ஓட்டுவாங்க. கேமரா ஊருக்கே வரும். ஒழுகற ஓடு, கெழவியாத்தா, பழைய சைக்கிளு எல்லாத்தையும் புடிச்சுட்டுப் போவாங்க. "போன வருசந்தான் ஊட்டுக்குக் கான்கிரீட்டு போட்டோம்"னு வாயத் தொறந்துராத. இதுல கேலி பாதி, மெய் பாதி மாப்ள. 2011ல பீகார் மோதிஹாரியிலிருந்து மாசச் சம்பளம் ஆறாயிரம் வாங்கின ஒருத்தரு 5 கோடி ஜெயிச்சாரு. பொறவு தானம் குடுத்துக் குடுத்து ஏமாந்தத அவரே எழுதியிருக்கறாரு. பணம் வந்த சேதி டிவியில வந்தா, ஒறம்பரை எங்கிருந்தெல்லாம் மொளைக்கும்னு உனக்குத் தெரியாது.

'கோடீஸ்வரி'யில மதுரைப் பக்கத்துப் பொண்ணு, காது கேக்காது, வாய் பேச முடியாது. 2020 ஜனவரியில 1 கோடியும் ஜெயிச்சுது. அதப் பாத்த அன்னைக்கு நானு கேலி பேசல. அப்பனும் மவனும் சேந்து போட்ட அந்த மெரட்டற சுருதி அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் எடுபடல பாரு. நீ அரங்கத்துக்குப் போறப்ப காதுல கொஞ்சம் பஞ்சு வெச்சுக்க.

இருமல் இருந்தா மருந்து குடிச்சுட்டுப் போ. 2001ல இங்கிலாந்துல சார்லஸ் இங்கிராம்னு ராணுவ மேஜர் ஒருத்தரு மில்லியன் பவுண்ட ஜெயிச்சாரு. கடசிக் கேள்வி, ஒண்ணுக்குப் பின்னால நூறு சைபர் போட்டா என்ன பேருன்னு. கூகோல்னு சரியாச் சொல்லிப்போட்டாரு. அப்பறம் டேப்பப் போட்டுப் பாத்தா, சரியான பதில வாசிக்கறப்பல்லாம் அடுத்து ஆடக் காத்திருந்த போட்டிக்காரரு ஒருத்தரு இருமறாரு! 2003ல கோர்ட்டுல அவருக்கும், சம்சாரத்துக்கும், இருமின காலேஜ் வாத்தியாருக்கும் தண்டன. பணம் கைக்கு வரவேயில்ல. அதே இங்கிலாந்துல 2000 நவம்பர்ல மொத மொதல்ல மில்லியன் ஜெயிச்ச ஜூடித் கெப்பல் அம்மாவுக்குக் கடசியில வந்த கேள்வி இரண்டாம் ஹென்றி ராசா, எலினார் ராணி கல்யாணத்தப் பத்தி. வம்சத்தத் தேடிப் பாத்தா அந்தம்மாவே அந்த ராசா ராணி வழிதானாம். ஒறம்பரையால ஒரு ஒபகாரம் நடந்ததுன்னா ஒலகத்துல அது ஒண்ணுதான்.

சரி, எந்தூருச் சேரு நல்ல சேரு? ஜெர்மனிதான். அங்க நீ துணிஞ்சா நாலாவதா ஒரு ஒத்தாசையும் தருவாங்க. கூட்டத்துல பதில் தெரிஞ்சவன் எந்திரிச்சு நிப்பான், அவனுகள்ல ஒருத்தன நீ பொறுக்கிக்கலாம். அவஞ் சொன்னது சரின்னா அவனுக்கு 500 யூரோ. ஒத்தாசைக்குக் கூலி! எவன் தப்பா அமுக்குவான் இனி? ஜெயிச்ச பணத்துக்கு அங்க வரியுங் கெடையாது, இங்கிலாந்துலயும் கெடையாது. நம்மூர்ல 30 சதவீதம், அதுக்கு மேல சர்சார்ஜ், செஸ்ஸு. கழிவு எதுவுங் கெடையாது, கோச்சுக் காசக்கூடக் கழிக்க முடியாது. கைக்குக் குடுக்கறதுக்கு முந்தியே புடிச்சுக்கறாங்க. கோடியில மூணுல ஒரு பங்கு உனக்கில்லன்னு இப்பவே எழுதி வெச்சுக்க.

மிச்சத்துக்கு உங்கொம்மா சந்தையிலயே கணக்கு சொல்லிப்போட்டா: தங்கச்சி நகைக்கு இவ்வளவு, கெணத்து மோட்டாருக்கு இவ்வளவுன்னு. அதுல நானு தலையிடல. போன நோம்பிக்கு பைக்கு டயர் மாத்தோணும்னு எங்கிட்ட வாங்கினயே அஞ்சாயிரம், அது மட்டும் இந்தக் கணக்குல வராது மாப்ள. அதக் குடுத்துட்டு அப்பறமா ரயிலேறு.