வாசலில் நின்ற வம்சங்கள்

கி.பி. 15-ஆம் ஆண்டு. பாதி உலகத்தைக் கட்டி ஆண்ட ரோமாபுரியின் செனட் சபை கவலையோடு கூடியது. எதிரி படையெடுப்போ, பஞ்சமோ என்று நினைத்துவிட வேண்டாம். விவகாரம் அதைவிடப் பெரியது. கூத்தாடிகள் பின்னால் பெரிய மனிதர்கள் சுற்றுகிறார்கள்!

முகமூடி மாட்டிக்கொண்டு, வாய் திறக்காமல், ஒரே ஆள் எல்லா வேஷமும் கட்டி ஆடுகிற ஆட்டம் அப்போது ரோமில் கொடிகட்டிப் பறந்தது. உங்க ஆளா, எங்க ஆளா என்று ரசிகர் கோஷ்டிகள் மோதியதில் கொட்டகையில் கொலை விழுந்தது. பொதுஜனம் போதாதென்று சிப்பாய்களும் ஒரு நூற்றுவர் தலைவரும் பிணமானார்கள். ஆட்டக்காரர்களைச் சாட்டையால் வெளுக்கலாமா என்று சபையில் காரசாரமான விவாதம். கூடாது என்று முந்தைய சக்கரவர்த்தி அகஸ்டஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தார். செத்த கையோடு அவரைத் தெய்வமாகவும் ஆக்கிவிட்டார்கள். தெய்வத்தின் பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

ஆகவே ரசிகர்கள் மேல் பாய்ந்தார்கள். செனட்டர் எவரும் ஆட்டக்காரன் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. ஆட்டக்காரன் தெருவில் இறங்கினால் செல்வந்தர் குலத்துக் கனவான்கள் சூழ்ந்து மொய்க்கக் கூடாது. சட்டம் போட்டுத் தடுக்கிறார்கள் என்றால், காரியம் அதுவரை அமோகமாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நடிகரைப் பார்க்க வாசலில் தவம் கிடப்பது விசிலடிச்சான் குஞ்சுகளின் வேலை என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். சரித்திரத்தைப் புரட்டினால் அந்தப் பெரியவர்களின் முப்பாட்டன்களே வரிசையில் முன்னால் நிற்கிறார்கள். நடிகனுக்கு ரோமானியச் சட்டத்தில் இழிந்தோர் பட்டியலில்தான் இடம். ஜப்பானில் அவன் ஆற்றங்கரைப் பிச்சைக்காரன். இங்கிலாந்தின் 1572-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிரபு ஒருவரின் ஆதரவு இல்லாத நடிகன் ஊர்சுற்றிப் போக்கிரி. இப்படியெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள், அதே கையில் மாலையோடு கொட்டகைக்குப் போய்விடுவார்கள்.

ரோமுக்கு வருவோம். மொய்க்காதே என்று சொல்லிப் பார்த்துச் சலித்த திபேரியஸ் சக்கரவர்த்தி, கி.பி. 23-இல் நடிகர்களையே இத்தாலியை விட்டுத் துரத்தினார். அவருக்குப் பின் வந்த காலிகுலாவோ ம்னெஸ்டர் என்ற ஆட்டக்காரனுக்குப் பரம ரசிகன். வாசலில் காத்திருக்கும் தொல்லை சக்கரவர்த்திக்கு ஏது? ஊரே பார்க்க நடுக்கொட்டகையிலேயே முத்தம் கொடுப்பார். ஆட்டம் நடக்கையில் யாராவது செருமினால் போதும், இழுத்து வரச் சொல்லித் தன் கையாலேயே விளாசுவார். ஒரு கனவான் சத்தம் போட்டதற்குத் தண்டனை இன்னும் விசேஷம். இந்தக் கடிதத்தைக் கடல் தாண்டி மௌரிதானிய ராஜாவிடம் கொடுத்துவிட்டு வா என்று கப்பலேற்றிவிட்டார். கொண்டுவந்தவனுக்கு நல்லதும் செய்யாதே, கெட்டதும் செய்யாதே என்பதுதான் கடிதத்தில் இருந்த சேதி. ஆட்டத்தின் நடுவே கைப்பேசியில் பேசுகிறவர்களுக்கு இந்தத் தண்டனையைச் சிபாரிசு செய்கிறேன்.

லண்டனில் 1602-இல் ஒரு சட்ட மாணவர் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்த வம்பு இது. உண்மையோ பொய்யோ, நாலு நூற்றாண்டாக உலவுகிறது. மூன்றாம் ரிச்சர்ட் வேஷம் போட்ட பர்பேஜைக் கண்டு கிறங்கிய ஒரு சீமாட்டி, ராத்திரி அதே பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டு என்று அழைத்தாளாம். ஒட்டுக்கேட்ட வில்லியம் ஷேக்ஸ்பியர் முந்திக்கொண்டு போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் மூன்றாம் ரிச்சர்ட் வாசலில் நிற்பதாகத் தகவல் வந்தது. ரிச்சர்டுக்கு முன்பே வெற்றிவீரன் வில்லியம் வந்தாயிற்று என்று உள்ளேயிருந்து பதில் போனது. நடிகரே வெளியே காத்து நின்ற அபூர்வச் சம்பவம் இது ஒன்றுதான்.

ஜப்பானில் இதே ஆசைக்குக் கொடுத்த விலைதான் சிரிப்பை அடக்குகிறது. எடோ கோட்டை அந்தப்புரத்தில், நாட்டை ஆண்ட சிறுவனான ஷோகனின் தாய்க்குப் பணிவிடை செய்த தலைமைப் பெண்மணி எஜிமா. மறைந்த ஷோகனின் சமாதிக்கு 1714-இல் வழிபாடு செய்யப் போனவர், பக்தி முடிந்ததும் பரிவாரத்தோடு யமமுரா கொட்டகைக்குள் நுழைந்தார். அங்கே கபூகி நாடக நாயகன் இகுஷிமா. விருந்து களைகட்டியதில் பொழுது போனது தெரியவில்லை. திரும்பி வந்தபோது கோட்டைக் கதவு சாத்தியாகிவிட்டது.

கதவடைப்பு நேரத்தைத் தவறவிட்ட குற்றம் ராஜ்ஜிய விவகாரமாக வீங்கியது. எஜிமாவின் அண்ணனுக்கு மரண தண்டனை. நடிகருக்குத் தீவாந்தரம். எஜிமாவுக்கு மலைநாட்டில் சிறைவாசம். 1741-இல் சாகும்வரை அங்கேயே கிடந்தார். கொட்டகையையும் விடவில்லை, இருந்த இடம் தெரியாமல் இடித்தார்கள். எடோவின் நாலு பெரிய கொட்டகைகள் மூன்றாயின. சமாதிக்குப் போன அதே பரிவாரம் சரியான நேரத்தில் வீடு திரும்பியிருந்தால், பக்தி சிரத்தை என்று பாராட்டியிருப்பார்கள்.

விக்டோரியா காலத்து லண்டன் கனவான்களுக்குத் தலை போகவில்லை, சொத்துதான் போனது. ஸ்டிராண்டு வீதியில் 1868-இல் திறந்த கெய்ட்டி தியேட்டரின் பின்வாசலில், நாடகம் முடிகிற நேரத்துக்குக் கையில் பூங்கொத்தோடு பிரபு வீட்டு வாரிசுகள் கூடிவிடுவார்கள். மேடைவாசல் ஜானிகள் என்று ஊர் அவர்களைக் கேலி செய்தது. உள்ளே போக வழியில்லை. பரம்பரைப் பட்டமெல்லாம் வாயிற்காவலரிடம் செல்லாது.

பக்கத்து சவாய் தியேட்டரில் கதை கோர்ட்டு வரை போனது. 1882-இல் வந்த 'ஐயோலாந்தே' நாடகத்தில் தேவதைகள் பிரபுக்களைக் கைப்பிடிப்பார்கள். சட்ட அமைச்சர் ஒருவர் கோமாளித்தனம் பண்ணுவார். அதில் தேவதையாக நடித்த மே ஃபார்டெஸ்க்யூவை கார்மாய்ல் பிரபு நிஜமாகவே மணக்கக் கேட்டார். பையனின் தகப்பனார் நிஜமாகவே முன்னாள் சட்ட அமைச்சர். வீட்டில் கண்ணை உருட்டியதும் பையன் பின்வாங்கினார். வாக்குத் தவறியதற்கு வழக்குப் போட்டு 1884-இல் பத்தாயிரம் பவுண்டு வாங்கினார் மே. அந்தப் பணத்தில் சொந்தமாக நாடகக் கம்பெனியும் தொடங்கினார். நாடகக் கலைக்குப் பிரபு குலம் தந்த மிகப் பெரிய நன்கொடைகளில் இதையும் சேர்க்க வேண்டும்.

பின்வாங்காதவர்களும் உண்டு. கெய்ட்டியில் ஆடிய கானி கில்கிரிஸ்ட் 1892-இல் ஆர்க்னி பிரபுவின் மனைவியானார். 1901-இல் ரோஸி பூட்டை ஹெட்ஃபர்ட் பிரபு மணந்தபோது, நாடகக்காரியா என்று உயர்குலம் மொத்தமும் மூக்கைச் சுளித்தது. ரோஸி யாரோடும் வாதாடவில்லை. பிள்ளை பெற்று, வளர்த்து, 1958 வரை சௌக்கியமாக இருந்தார். கணவர் காலமானதும் பட்டம் மகனுக்குப் போனது. மூக்கைச் சுளித்தவர்கள் அதற்குப் பிறகு குனிந்து வணங்கிய ஹெட்ஃபர்ட் பிரபு, அந்த நாடகக்காரி பெற்ற பிள்ளைதான்.